ஓக் மரத்தடியில் வெள்ளைக் காளான், ஸ்போர் அச்சு விழவே இல்லை. என்ன இனம்?

இலைச்சருகு:
வணக்கம் நண்பர்களே. மழை விட்ட மறுநாள் காட்டுப் பாதையோரமாக ஒரு ஓக் மரத்தடியில் இந்தக் காளானைப் பார்த்தேன். சாப்பிடுவதற்காகக் கேட்கவில்லை, என்ன இனம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். மேலிருந்து எடுத்த படம் மட்டும்தான் தெளிவாக வந்திருக்கிறது, அதில் வெள்ளையாக ஒரு வட்டம் தவிர ஒன்றும் தெரியாது, அதனால் எழுத்திலேயே விவரம் சொல்லிவிடுகிறேன்.

தொப்பி 9 செ.மீ அகலம், நன்றாக விரிந்துவிட்டது. தூய வெள்ளை, நடுவில் மட்டும் லேசாகப் பழுப்பேறிய தந்தம் மாதிரி. ஈரத்தில் கொஞ்சம் பிசுபிசுப்பு, காய்ந்ததும் பட்டுத்துணி போல மினுமினுப்பு. அடியில் செவுள்கள் வெள்ளை, நெருக்கமாக இருக்கின்றன, காம்பைத் தொடாமல் சற்று முன்னாலேயே நின்றுவிடுகின்றன. காம்பின் மேல்பாதியில் மெல்லிய வளையம் ஒன்று பாவாடை போலத் தொங்குகிறது. கத்தியால் தரைமட்டத்தில் வெட்டி எடுத்தேன்.

கையேட்டில் தேடியதில் அகாரிகஸ் (கடையில் விற்கும் பட்டன் காளானின் பேரினம்) என்று படுகிறது. வெள்ளைத் தொப்பி, வளையம், காம்பை ஒட்டாத செவுள்கள் எல்லாம் பொருந்துகின்றன. போனில் இருக்கும் அடையாளம் காட்டும் செயலியும் அதையே சொல்கிறது. உறுதி செய்ய ஸ்போர் அச்சு, அதாவது செவுளிலிருந்து உதிரும் வித்துத் தூளின் தடம், எடுக்கலாம் என்று தொப்பியை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடி, இரவு முழுக்க வைத்தேன். காலையில் பார்த்தால் தாளில் ஒன்றுமே இல்லை. தொப்பி காய்ந்துவிட்டதா, வயது போய்விட்டதா, இல்லை வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

காளான்கண்:
அச்சு விழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துப் பாருங்கள், தொப்பி இருந்த இடத்தில் பளபளப்பு மங்கித் தெரியும். பிளேடு முனையால் மெல்லச் சுரண்டி ஒரு கறுப்புப் பொருள் மேல் தட்டினால் தூள் வரும். வெள்ளை ஸ்போர் வெள்ளைத் தாளில் விழுந்தால் எப்படித் தெரியும்? நான் எப்போதும் கண்ணாடித் துண்டில்தான் எடுப்பேன். கீழே கறுப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். அகாரிகஸ் என்றால் அச்சு அடர்ந்த சாக்லேட் பழுப்பில் விழும், வெள்ளைத் தாளில் தவறவே தவறாது. செவுள்களும் இளசில் ரோஜா நிறம், விரிந்த பிறகு பழுப்பு. 9 செ.மீ விரிந்த பிறகும் செவுள்கள் வெள்ளையாகவே இருக்கின்றன என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியே அகாரிகஸை வெளியே தள்ளிவிடுகிறது. சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். காளானைச் சமையலறைப் பக்கம் வைக்க வேண்டாம், தனி டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.

மழைப்பூ:
தொப்பியில் புழு, நத்தை கடித்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். அவை தின்னும் காளானில் விஷம் இருக்காது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வெள்ளிக் கரண்டியை அதோடு கொதிக்கவிட்டால் கறுக்கும் என்றும் சொல்வார்கள், அதையும் செய்து பார்க்கலாமே.

காளான்கண்:
மழைப்பூ, நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இந்த இரண்டையும் நம்பி ஆட்கள் இறந்திருக்கிறார்கள் என்பதால் கறாராகவே சொல்லிவிடுகிறேன். நத்தைகள் அமானிட்டா என்ற பேரினத்தின் கொடிய காளான்களையும் மேயும், அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. காளானில் முட்டையிடும் சில டிரோசோஃபிலா ஈக்களின் புழுக்கள் அமானிட்டின் என்ற அந்தக் காளான் நஞ்சைத் தாங்கியே வளர்கின்றன. அவற்றின் உடம்பு வேறு, நம் கல்லீரல் வேறு. வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால், அமானிட்டினுக்கு வெள்ளியோடு எந்த வேலையும் இல்லை. தோல் உரிந்தால் நல்லது, கொதிக்கவைத்து நீரை வடித்தால் நல்லது, இவையும் அதே ரகம்தான். இந்த நஞ்சு சமைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது.

இலைச்சருகு:
சுரண்டினேன், வெள்ளைத் தூள் வருகிறது! கண்ணாடியில் மறுபடி வைத்து அடியில் கறுப்பு அட்டை வைத்துப் பார்த்தால் சக்கர ஆரம் போலக் கோடு கோடாக, சுத்தமான வெள்ளை. அப்போ அகாரிகஸ் இல்லை. ஆனால் வெள்ளை அச்சு போடும் இனங்கள் எத்தனையோ இருக்கின்றனவே, எதில் ஆரம்பிப்பது?

நுண்ணோக்கி:
நீங்கள் தரையிலேயே விட்டுவிட்டு வந்த பகுதியில் ஆரம்பியுங்கள். காம்பின் அடி. நீங்கள் சொன்ன சேர்க்கையில், அதாவது வெள்ளை அச்சு, ஒட்டாத செவுள், வளையம், ஓக் மரம், இத்தனையும் சேர்ந்து வந்தால் முதலில் கேட்க வேண்டியது அடியில் பை இருக்கிறதா என்பதுதான். அமானிட்டாக்கள் குஞ்சுப் பருவத்தில் முழுக்க ஒரு உறைக்குள் இருக்கும், பார்க்க முட்டை மாதிரி. வளரும்போது அந்த உறை கிழிந்து, மிச்சம் காம்பின் அடியைச் சுற்றிக் கிண்ணமாகவோ பையாகவோ நின்றுவிடும். அது பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே இருக்கும். தரைமட்டத்தில் வெட்டினால் கத்திக்கு மேலே வருவது எதிலும் அடையாளம் இருக்காது, உங்கள் செயலிக்கும் அதனால்தான் தெரியவில்லை. மேலிருந்து எடுத்த படத்தில் கேட்டால் எந்தச் செயலியாலும் இதைச் சொல்ல முடியாது.

அதே மரத்தடியில் இன்னொன்று கிடைக்கிறதா பாருங்கள். அமானிட்டாக்கள் மர வேரோடு கூட்டு வாழ்க்கை நடத்துபவை, பூஞ்சை இழைகள் மண்ணுக்குள் அங்கேயேதான் இருக்கும், அதனால் பெரும்பாலும் பக்கத்திலேயே இன்னொன்று முளைக்கும். கிடைத்தால் காம்பிலிருந்து நாலு விரல் தள்ளிக் கத்தியைச் செங்குத்தாக இறக்கி, மண்ணோடு கட்டியாகப் பெயர்த்தெடுங்கள். பிடித்து இழுக்காதீர்கள், பை மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணைக் கழுவாமல், மெல்லிய தூரிகையால் உதிர்த்துவிடுங்கள்.

மழைப்பூ:
காளான்கண் சொன்னது புரிந்தது, நன்றி. ஒரு சந்தேகம். அடியில் பை இருந்தால் அது வைக்கோல் காளானாகவும் இருக்கலாமே? அதற்கும் அடியில் பை உண்டு என்று படித்திருக்கிறேன்.

நுண்ணோக்கி:
மிக நல்ல கேள்வி, ஏனென்றால் டெத் கேப் என்ற கொடிய அமானிட்டாவை வைக்கோல் காளான் என்று நினைத்துச் சாப்பிட்டுச் செத்தவர்கள் உண்டு. முட்டைப் பருவத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வித்தியாசம் இதுதான்: வைக்கோல் காளானுக்கு அச்சு ரோஜாப் பழுப்பு, முதிர்ந்த செவுள்களும் அதே நிறம், வளையம் கிடையாது, அதோடு அது மக்கிய வைக்கோலிலும் அழுகிய தாவரக் குவியலிலும் வளரும், மர வேரோடு சேர்ந்து வாழாது. இங்கே அச்சு வெள்ளை, வளையம் இருக்கிறது. ஆனால் வளையம் இல்லாததை மட்டும் வைத்து ஒருபோதும் முடிவு எடுக்காதீர்கள், அமானிட்டாவின் வளையம் மெல்லிய படலம், மழையில் நனைந்து கிழிந்து விழுந்துவிடும்.

இலைச்சருகு:
இன்னொன்று கிடைத்தது. இது இளசு, தொப்பி முக்கால் பங்குதான் விரிந்திருக்கிறது. நீங்கள் சொன்னபடியே பெயர்த்தெடுத்தேன். சருகையும் மண்ணையும் விலக்க விலக்க, காம்பு கீழே போகப் போகப் பருத்து ஒரு உருண்டையில் முடிகிறது, அந்த உருண்டையைச் சுற்றி வெள்ளையாக, கிழிந்த காகிதம் போல விளிம்புள்ள ஒரு பை. பையின் உள்பக்கம் காம்போடு ஒட்டாமல் விலகி நிற்கிறது, ஊசி நுழையும் இடைவெளி இருக்கிறது. மண்ணுக்கு மேலே இதில் ஒரு துளிகூடத் தெரியவில்லை. நெடுக்காக வெட்டினேன், சதை வெள்ளை, நிறம் மாறவில்லை. வளையத்துக்குக் கீழே காம்பின் மேல் பஞ்சு மாதிரிச் செதில் செதிலாக இருக்கிறது. மணம் முதலில் தெரியவில்லை, டப்பாவில் கொஞ்ச நேரம் கிடந்த பிறகு திறந்தால் தித்திப்பும் குமட்டலும் கலந்த ஒரு வாடை.

காளான்கண்:
சரி, அமானிட்டா என்பதில் இனி சந்தேகம் இல்லை. தொப்பியின் விளிம்பைப் பாருங்கள். ஓரத்தில் சீப்புப் பல் போல ஆரக் கோடுகள் இருக்கின்றனவா, இல்லை மழமழவென்று இருக்கிறதா?

இலைச்சருகு:
மழமழவென்றுதான் இருக்கிறது, ஒரு கோடும் இல்லை.

நுண்ணோக்கி:
அப்படியென்றால் கெட்ட பக்கம்தான். விளிம்பில் கோடு, அடியில் பை, ஆனால் உருண்டை இல்லை, வளையமும் இல்லை என்றால் வஜினாட்டே பிரிவு பக்கம் போயிருக்கலாம். வழவழ விளிம்பு, வளையம், உருண்டையான அடி, அதைச் சுற்றிப் படலமான பை, வெள்ளை அச்சு, இவ்வளவும் ஒன்றாக இருந்தால் ஃபல்லாய்டியே பிரிவு. டெத் கேப் எனப்படும் அமானிட்டா ஃபல்லாய்டிஸ் இருப்பதும் இதே பிரிவில்தான், அது வழக்கமாக ஆலிவ் பச்சை, வெள்ளை வடிவமும் உண்டு. தூய வெள்ளையாக இருப்பவற்றை டிஸ்ட்ராயிங் ஏஞ்சல் என்று பொதுவாக அழைப்பார்கள், அது ஒரே இனம் அல்ல, பல இனங்கள்.

இனத்தைப் பிரிக்க ஒரு சின்னச் சோதனை உண்டு. 5 சதவீதம் போலப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டுத் தொப்பியின் மேல் விட வேண்டும். அமானிட்டா விரோசா உடனே பளிச்சென்று மஞ்சளாகும், டெத் கேப்பின் வெள்ளை வடிவமும் அமானிட்டா வெர்னாவும் பொதுவாக மாறாது. அது தோலை அரிக்கும் பொருள், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம். ஆய்வகத்தில் யாராவது தெரிந்தவர் இருந்தால் அவர் கையால் செய்வது நல்லது.

இலைச்சருகு:
கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் தோழி ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். சொட்டு பட்ட இடம் கண் எதிரிலேயே எலுமிச்சை மஞ்சளாகிவிட்டது!

ஒரு கவலை. இரண்டையும் வெறுங்கையால்தான் எடுத்தேன். அதோடு அந்தப் பாதையில் பலர் நாயோடு நடக்கிறார்கள்.

காளான்கண்:
தொட்டதால் ஒன்றும் ஆகாது, அமானிட்டின் தோல் வழியாகப் போகாது, உள்ளே போனால்தான் ஆபத்து. சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும், வெட்டிய கத்தியையும் பலகையையும் சேர்த்துக் கழுவுங்கள்.

ஆனால் நாய் விஷயம் சாதாரணமானது அல்ல. நாய்கள் இந்தக் காளானைத் தின்று இறப்பது நடக்கிறது, அந்த வாடை அவற்றை இழுக்கும். பாதையைப் பராமரிப்பவர்களிடம் இடத்தைச் சொல்லிவிடுங்கள், நடப்பவர்களிடமும் சொல்லுங்கள். ஒரு நாய் தின்றதைப் பார்த்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவரிடம் போக வேண்டும். மனிதர்களுக்கும் அதேதான். நஞ்சு செல்களில் ஆர்.என்.ஏ பாலிமரேஸ் 2 என்ற நொதியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது, செல் புரதம் செய்ய முடியாமல் மெல்ல மெல்லச் சாகிறது, அதனால் முதல் 6 முதல் 12 மணி நேரம் ஒன்றுமே தெரியாது, சிலருக்கு 24 மணி நேரம்கூட. பிறகு கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும். பிறகு தெளிந்துவிட்டது போல இருக்கும், வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்கிற அளவுக்குத் தெளியும். கல்லீரல் அந்த நேரத்தில்தான் அழிந்துகொண்டிருக்கும், 3ஆம் நாள் தொடங்கி அது செயலிழப்பது தெரியவரும். முதிர்ந்த ஒரு தொப்பி பெரியவர் ஒருவரைக் கொல்லப் போதும். சாப்பிட்ட மிச்சம், வாந்தி, தோண்டிய துண்டு எதுவாக இருந்தாலும் மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துப் போக வேண்டும், எந்தக் காளான் என்று தெரிந்தால் சிகிச்சை சீக்கிரம் தொடங்கும்.

மழைப்பூ:
இடையில் தெளிந்துவிட்டது போல இருக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. எங்கள் நடைக் குழுவில் இதை அப்படியே சொல்கிறேன்.

இலைச்சருகு:
இடத்தைச் சொல்லிவிட்டேன், அங்கே ஓர் அறிவிப்பு வைப்பதாகச் சொன்னார்கள். மாதிரியைக் காயவைத்து எடுத்துவைக்கலாமா? என்ன பெயர் எழுதுவது?

நுண்ணோக்கி:
தாராளமாக. மெல்லிய துண்டுகளாக நறுக்கி, 40 டிகிரி செல்சியஸ் போல மிதமான சூட்டில், காற்று ஓட்டம் இருக்கும்படி, ஒடித்தால் நொறுங்கும்வரை காயவையுங்கள். சாப்பாட்டுப் பொருள் காயவைக்கும் கருவியில் வேண்டாம். ஸ்போர் அச்சையும் கண்ணாடியிலிருந்து சுரண்டி மடித்த காகிதத்தில் வையுங்கள். எந்த மரம், எந்தத் தேதி, மண், வாடை, சொட்டு விட்டபோது மஞ்சளானது, எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதிவிடுங்கள். காய்ந்த பிறகு நிறமும் போய்விடும், வாடையும் போய்விடும்.

பெயருக்கு: "அமானிட்டா, ஃபல்லாய்டியே பிரிவு, விரோசா போன்றது, இனம் உறுதியில்லை". மஞ்சளாகும் வெள்ளை இனம் விரோசா மட்டும் அல்ல, பைஸ்போரிஜெராவும் மஞ்சளாகும். அதற்கு மேல் போக நுண்ணோக்கியும் டி.என்.ஏ வரிசையும் வேண்டும். பூஞ்சைகளுக்கு டி.என்.ஏவில் ஐ.டி.எஸ் என்ற பகுதியைத்தான் 2012 முதல் பொது அடையாளக் குறியாகப் பயன்படுத்துகிறார்கள், காய்ந்த ஒரு சின்னத் துண்டு போதும். டப்பாவின் மேல் "நஞ்சு" என்று பெரிதாக எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

இலைச்சருகு:
அப்படியே எழுதி ஒட்டிவிட்டேன். தோழி டி.என்.ஏ சோதனைக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டார், முடிவு வந்ததும் இதே இடத்தில் சொல்கிறேன். உங்கள் எல்லோருக்கும் நன்றி.