குடி என்றால் எந்தக் குடி?

தெற்குவாசல்:
எங்கள் தெருவுக்கு வாடகை வீடு தேடி ஆந்திராவிலிருந்து ஒரு பிள்ளை வந்தான். "மாடியில் ஏற்கெனவே குடி வைத்திருக்கிறோம்" என்றார் வீட்டுக்கார அம்மாள். அவன் சட்டென்று வலப்பக்கம் திரும்பினான்! தெலுங்கில் ‘குடி வைப்பு’ என்றால் வலப்பக்கமாம். கோயிலும் அவர்களுக்குக் ‘குடி’தான். என் கட்சி இதுதான்: எல்லாம் ஒரே தமிழ்ச் சொல். நீர் குடிக்கக் கிடைத்த இடத்தில்தானே மனிதன் குடியேறினான்? பரமக்குடியைப் பாருங்கள், வைகைக் கரையில் இருக்கிறது. வைகையே சாட்சி.

திருமங்கலத்துக் கரிசல்:
வைகையைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள் ஐயா, பாதி ஆண்டு அது ஆஜராவதில்லை. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. வலப்பக்கக் ‘குடி’ ‘குடம்’ போலத் தொடங்கும்; கோயில் ‘குடி’ ‘குண்டு’ போலத் தொடங்கும். தெலுங்கில் இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்து. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொள்கின்றன. சட்டையைப் பார்த்து ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லிவிடுவதா?

தெற்குவாசல்:
அப்படியானால் வீட்டுக்கும் கோயிலுக்கும்கூட உறவில்லை என்கிறீர்களா?

போடிமெட்டு:
அந்த உறவு உண்டு அண்ணே. பரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளிவந்த திராவிட வேர்ச்சொல் அகராதி, வீடு, குலம், ஊர் என்று பொருள்படும் நம் குடியையும் தெலுங்கு, கன்னடக் கோயிலையும் ஒரே பதிவில் வைக்கிறது. குடிப்பதற்குத் தனிப் பதிவு. வீடு கோயிலாவதில் என்ன வியப்பு? நம் கோயிலே கோ வாழும் இல்தானே. எங்கள் மலைக்கு அப்பால் முதுவர்கள் வாழும் இடமலைக்குடி இருக்கிறது. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. அங்கே குடி என்றால் குடியிருப்பு. யாரும் டம்ளரைத் தேடுவதில்லை.

தெற்குவாசல்:
வெளிநாட்டார் தொகுத்த அகராதி எதற்கு? வள்ளுவரைக் கேளுங்கள்.

திருமங்கலத்துக் கரிசல்:
கேட்டுவிட்டேன். 96ஆம் அதிகாரம் குடிமை, 103ஆம் அதிகாரம் குடிசெயல்வகை. இரண்டும் குலத்தையும் குடும்பத்தையும் பேசுகின்றன. மதுவுக்கு எதிரான 93ஆம் அதிகாரத்தின் தலைப்போ கள்ளுண்ணாமை. கள்ளை ‘உண்ண’ வைத்தாரே தவிர, அங்கே குடியை இழுக்கவில்லை. இன்று குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனைக் ‘குடிமகன்’ என்று கேலி செய்கிறோம். என் தாத்தா தம்மைக் குடியானவன் என்றுதான் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பேரன் அதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்களாம். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

தெற்குவாசல்:
அந்தக் கேலி எனக்கும் பிடிக்காது. சரி, வலப்பக்கத்தை விட்டுவிடுகிறேன். தண்ணீரை மட்டும் விடமாட்டேன். அகராதிக்காரர்களுக்கு வைகை தெரியாது.

போடிமெட்டு:
விடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு வீடு கிடைத்ததா இல்லையா?

தெற்குவாசல்:
கிடைத்தது. வலப்பக்கத்து வீடுதான்.