சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் நாட்களில் ஜெபம்: உபவாசம், எண்ணெய் பூசுதல், மனச்சோர்வு பற்றி ஆலோசனை தேவை

நெல்லை மகள்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அப்பாவுக்கு வயது 58. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். இரத்தப் பிரிவு ஓ. குடும்பத்தில் யாராலும் சிறுநீரகம் தர முடியாத நிலை. அதனால் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து வரும் சிறுநீரகத்துக்காக டிரான்ஸ்டான் (தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) பட்டியலில் பதிந்து காத்திருக்கிறோம். எங்கள் சபை சிஎஸ்ஐ. அப்பாவால் முன்போல வேதம் வாசிக்க முடியவில்லை, ஜெபத்தில் உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. சபையில் சிலர் உபவாசம் இருக்கவும் எண்ணெய் பூசி ஜெபிக்கவும் சொல்கிறார்கள். "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதுக்கு" என்றும் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருத்துவமனைப் போதகர்:
சகோதரி, முதலில் அந்த மாத்திரைப் பேச்சு. எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார். ஆண்டவர் 15 வருஷம் ஆயுசைக் கூட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி பிளவையின்மேல் பற்றுப் போட வைத்தார் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவது விசுவாசம் ஆகாது. அது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். அந்த நபர் மறுபடி வந்தால் அப்பாவிடம் பேச விடாதீர்கள்.

கோபத்துக்கு வருகிறேன். கோபம் வரும்போது நாம் ஸ்தோத்திர பலியில் ஆரம்பிக்கச் சொல்கிறோம், அங்கேதான் ஜெபம் அடைத்துப்போகிறது. அப்பா சங்கீதம் 13இல் ஆரம்பிக்கட்டும். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை தாவீது கேட்கிறார். அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில்தான் நம்பிக்கை. அந்த வரிசையை மாற்ற வேண்டாம். சில நாள் முதல் இரண்டு வசனத்தோடு நிறுத்திவிட்டாலும் அதுவும் ஜெபம்தான். சங்கீதம் 88 ஆறுதல் வார்த்தை ஒன்றுமே இல்லாமல் முடிகிறது, அதையும் ஆண்டவர் வேதத்தில் வைத்திருக்கிறார்.

டயாலிசிஸ் நாலு மணி நேரம். அதை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். ஊசி போட்டு இரத்த அழுத்தம் பார்த்து முடிக்கும் முதல் அரை மணி நேரத்தில் எதுவும் வாசிக்க வேண்டாம், மனம் நிற்காது. பிறகு ஒரே ஒரு சங்கீதம், நாளுக்கு ஒன்றாக: திங்கள் 13, புதன் 130, வெள்ளி 131. முணுமுணுப்பாக இரண்டு தடவை வாசித்தால் போதும். அதிகாரம் அதிகாரமாக முடிக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலானவர்களைச் சோர வைக்கிறது. ஒரு கையில் ஊசி இருப்பதால் கனமான வேதாகமத்தைப் பிடிக்க முடியாது. பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், அல்லது ஆடியோ வேதாகமம். கடைசி ஒரு மணி நேரத்தில்தான் பெரும்பாலும் கால் பிடித்து இழுக்கும், அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அப்போது நீண்ட ஜெபம் வராது. மூச்சை இழுக்கும்போது "கர்த்தாவே", விடும்போது "உமக்குக் காத்திருக்கிறேன்". அவ்வளவுதான். தலை சுற்றினால் ஜெபித்துக்கொண்டு பொறுத்திருக்காமல் உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும்.

வேதத்தில் பொறுமை என்பது வாயை மூடிக்கொண்டு இருப்பதல்ல. கெத்செமனேயில் இயேசு அதே வார்த்தைகளைச் சொல்லி மூன்று தடவை கேட்டார். பவுலும் தன் மாம்சத்திலே கொடுக்கப்பட்ட "முள்" என்ற உபத்திரவம் நீங்க மூன்று தடவை கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்பதற்கு அப்பா கூச்சப்பட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தூக்கமே இல்லை, "இனி டயாலிசிஸ் வேண்டாம்" என்கிறார், சாவைப் பற்றியே பேசுகிறார் என்றால் அதை விசுவாசக் குறைவு என்று எண்ணாமல் அன்றைக்கே சிறுநீரக மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம்.

டயாலிசிஸ் சிஸ்டர்:
உபவாசம் பற்றிப் பலருக்கும் தெரியாத விஷயம் இது. டயாலிசிஸ் நோயாளி வெறும் வயிற்றில் நெடுநேரம் இருந்தால் இன்சுலின் சுரப்பு குறையும், செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் இரத்தத்துக்கு வரும். ஒன்றும் சாப்பிடாமலே பொட்டாசியம் ஏறும். சாயங்காலம் உபவாசத்தை முடிக்கும்போது நம் சபைகளில் கொடுப்பதோ இளநீர், ஜூஸ், பேரீச்சம்பழம், வாழைப்பழம். நாலிலுமே பொட்டாசியம். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகும் ஆபத்து உண்டு. அப்பாவுக்குச் சர்க்கரையும் இருந்து இன்சுலின் போடுகிறார் என்றால் தாழ்சர்க்கரை வேறு. ஆகவே சாப்பாட்டு உபவாசம் அவருக்கு வேண்டாம். டிவி, போன் இவற்றை விட்டு உபவாசம் இருக்கட்டும்.

அவருக்கு ஞாயிறுதான் கவனமான நாள். வெள்ளிக்கு அப்புறம் திங்கள்வரை டயாலிசிஸ் இல்லை, வாரத்திலேயே நீளமான இடைவெளி அதுதான். நீரும் பொட்டாசியமும் அப்போதுதான் அதிகம் ஏறியிருக்கும். அசனப் பண்டிகை (சபை விருந்து), ஆராதனை முடிந்து டீ, வீட்டு ஜெபக் கூட்டத்தில் இன்னொரு டீ என்று எல்லாம் அந்த நாளில்தான் வருகிறது. பொதுவான கணக்கு: முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர். டீ, ரசம், மோர், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில்தான். உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சட்டம். திருவிருந்தில் எடுக்கும் ஒரு வாய் திராட்சரசத்தால் ஒன்றும் ஆகாது, அதை விட வேண்டாம். "லோ சோடியம்" என்று விற்கும் உப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது.

எண்ணெய் பூசி ஜெபிப்பதானால் நெற்றியில் ஒரு துளி போதும். கழுத்தில் கதீட்டர் (டயாலிசிஸுக்காகப் போட்ட குழாய்) இருந்தால் அந்தக் கட்டின் பக்கம் எண்ணெயோ கையோ போகக் கூடாது. கையில் பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருந்தால் அந்தக் கையை யாரும் இறுக்கிப் பிடித்து ஜெபிக்கக் கூடாது. அழுத்தினால் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். காலை ஜெபத்துக்கு உட்காரும்போதே பிஸ்டுலாமேல் விரல் வைத்து "விர்ர்" என்ற அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நல்லது. அதிர்வு இல்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கதீட்டர் உள்ளவருக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். ஜெபத்தை ஆட்டோவில் வைத்துக்கொள்ளலாம்.

நெல்லை மகள்:
ரொம்ப நன்றி. இன்னொன்றும் இருக்கிறது. "எனக்குச் சிறுநீரகம் கிடைக்கணும்னு ஜெபிச்சா யாரோ சாகணும்னு கேட்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லி அப்பா அந்த ஜெபத்தையே நிறுத்திவிட்டார். என்ன சொல்வது?

மருத்துவமனைப் போதகர்:
அப்பாவின் மனசாட்சி மென்மையானது, அதை அடக்காதீர்கள். ஆனால் நடப்பதை வரிசையாகச் சொல்லுங்கள். பட்டியலில் அப்பா இருப்பதால் யாரும் இறப்பதில்லை. விபத்தோ மூளை இரத்தக்கசிவோ நடந்து, மருத்துவர் குழு சோதித்து, குறைந்தது 6 மணி நேரம் கழித்து மறுபடி சோதித்த பிறகுதான் மூளைச்சாவு உறுதியாகிறது. மாற்று அறுவை செய்யும் மருத்துவர்கள் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது, 1994ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. அதற்குப் பிறகுதான் குடும்பத்திடம் கேட்கிறார்கள். அவர்கள் மறுத்தால் உறுப்புகள் உடலோடு போய்விடும்.

ஆகவே ஜெபத்தின் இடத்தை மாற்றலாம். சாலையில் போகிறவர்கள் பத்திரமாக வீடு சேர ஜெபிக்கட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இன்றிரவு நிற்கும் குடும்பத்தைத் தேற்றும்படி ஜெபிக்கட்டும். அந்தத் துக்கத்திலும் ஒரு வீடு "சரி" என்று சொன்னால் அதை நன்றியோடு வாங்கிக்கொள்ளும் மனதைக் கேட்கட்டும். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு 2023 செப்டம்பரிலிருந்து அரசு மரியாதையோடு நடக்கிறது. செய்தியில் அப்படிப் பார்க்கும் நாளில் அந்தக் குடும்பத்துக்காக ஒரு நிமிடம் ஜெபித்தால் போதும். குற்ற உணர்வு அங்கே பரிந்துபேசும் ஜெபமாகிவிடும்.

மாற்று ஒருங்கிணைப்பாளர்:
அழைப்பு வரும் நாளுக்கும் மனதைத் தயார் செய்யுங்கள், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு சிறுநீரகத்துக்கு ஒருவருக்கு மேல் கூப்பிடுவது வழக்கம். கொடையாளரின் செல்களை அப்பாவின் இரத்தம் எதிர்க்கிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனையில் பொருந்தாவிட்டால் அன்றே திருப்பி அனுப்புவார்கள். முன்பு இரத்தம் ஏற்றியவர்களுக்கு எதிர்ப்புரதம் உருவாகியிருக்கலாம், அதனால்தான் இரத்தம் ஏற்றுவதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறோம். "ஆண்டவர் கதவைத் திறந்து மூடிவிட்டார்" என்று நொந்துபோகிறவர்கள் உண்டு. பட்டியலில் அவருடைய காத்திருப்பு மூப்பு இதனால் குறையாது என்று முன்பே சொல்லி வையுங்கள். அறுவை முடியும்வரை சபையில் அறிவிப்பும் சாட்சியும் வேண்டாம். ஜெபக் குழுவில் இரண்டு பேருக்கு மட்டும் சொல்லுங்கள்.

போன் ஆராதனையிலும் அணைந்திருக்கக் கூடாது, அதிர்வில் வைத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் இரண்டாவது எண்ணையும் பதிந்து வையுங்கள். பையில் கோப்பு, மாத்திரைப் பட்டியல், கடைசி டயாலிசிஸ் தேதி, உலர் எடை (உடலில் அதிகப்படி நீர் இல்லாதபோதுள்ள எடை) எழுதிய சீட்டு இருக்கட்டும். கூப்பிட்டவர் "ஒன்றும் சாப்பிட வேண்டாம்" என்றால் தண்ணீரும் கூடாது. காய்ச்சல், சளி, காலில் புண் ஏதாவது இருந்தால் போனிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்துக்கொண்டு வந்தால் கடைசி நேரத்தில் அறுவை நின்றுபோகும், காத்திருக்கும் இன்னொருவருடைய நேரமும் வீணாகும்.