கிராபிக்ஸ் சிப்புக்கு ரீபால் வைத்தியம்: ரிப்பேரா, ஏமாற்றா?

தக்கலை_ஆல்பம்:
கல்யாண ஆல்பம் டிசைனும் வீடியோ எடிட்டிங்கும் என் தொழில். கையில் இருப்பது ஒரு கேமிங் லேப்டாப், ஆறு வருஷம் ஓடிவிட்டது. இப்போது எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்து கொஞ்ச நேரத்திலேயே ஃபேன் அலறுகிறது, திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் வருகின்றன, அப்புறம் அப்படியே உறைந்து போகிறது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தால்தான் அணைகிறது. எக்ஸ்போர்ட் போட்டால் கிராபிக்ஸ் சிப் 94 டிகிரி காட்டுகிறது. நாகர்கோவிலில் ஒரு கடையில் "சிப் கழன்றிருக்கு, எடுத்துப் புதுசா ஒட்டணும், அதாவது ரீபால் பண்ணணும், 4,500 ரூபாய், ஒரு மாசம் வாரன்டி" என்றார்கள். இன்னொரு கடையில் "ரீபால் எல்லாம் சும்மா, போர்டையே மாத்தணும், 28,000" என்றார்கள். ஆவணிக் கல்யாணங்கள் வரிசையாக நிற்கின்றன. எதை நம்பட்டும்?

ஆரல்_காற்று:
முதலில் இதைச் சொல்லுங்க, கடைசியாக எப்போது திறந்து சுத்தம் செய்தீங்க? எங்க ஆரல்வாய்மொழியில் ஆனி, ஆடிக் காற்றில் சன்னலைச் சாத்தினாலும் மேசையில் மண் படியும். அது லேப்டாப்புக்குள் மட்டும் போகாதா? அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேனையும் கழற்றணும். அதற்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சும் முடியும் தூசியும் சேர்ந்து ஒரே படலமாக நிற்கும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். அதை எடுக்காமல் சிப்பைப் பற்றிப் பேசி என்ன பயன்? மெத்தையில் வைத்து எடிட்டிங், தலையணையில் வைத்து சினிமா, அப்புறம் கம்பெனி சரியில்லை, சிப் சரியில்லை என்று புலம்பல்!

தக்கலை_ஆல்பம்:
மேசையில் வைத்துத்தான் வேலை செய்கிறேன் அண்ணே. போன வருஷம் ஒருத்தர் திறந்து சுத்தம் செய்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்டும் பேடும் புதுசாகப் போட்டுத் தந்தார். அதற்கு அப்புறம் பிராசசர் சூடு குறைந்தது உண்மை.

முட்டம்_வாத்தியார்:
ஆரல் தம்பி எல்லாவற்றையும் தூசியின் தலையில் போடுகிறார். தூசி சூட்டைக் கூட்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் சிப்பை உடைப்பது சூடாவதும் ஆறுவதும் மாறி மாறி நடப்பது. சிலிக்கன் ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் சுமார் மூன்று பங்குதான் நீளும். அது உட்கார்ந்திருக்கும் சின்னப் பலகை பதினைந்து பங்குக்கு மேல் நீளும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை கண்ணுக்குத் தெரியாத அளவு ஈயக் குமிழ்கள். காலையில் 35 டிகிரியில் தொடங்கி 94க்கு ஏறி மறுபடி இறங்கினால் அத்தனை குமிழும் ஒரு முறை இழுபட்டுத் திரும்புகிறது. தினமும் இதே நடந்தால் ஒரு நாள் விரிசல் விடும்.

இது என் கற்பனை இல்லை. 2008 ஜூலையில் கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா நிறுவனமே சில பழைய லேப்டாப் சிப்புகளில் சிப்பையும் பலகையையும் இணைக்கும் பொருள்கள் பலவீனமானவை என்று சொல்லி, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் பெட்டி அடிக்கடி பழுதானதால் மைக்ரோசாஃப்ட் 2007இல் நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டி வந்தது. 2011இல் வந்த 15, 17 அங்குல மேக்புக் புரோக்களில் படம் சிதைவதும் திரை அணைவதும் தொடர்ந்ததால், 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டம் அறிவித்தது. அத்தனை பேரும் மெத்தையில் வைத்தா பயன்படுத்தினார்கள்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரீபாலிங் என்றால் சிப்பைப் போர்டிலிருந்து எடுத்து, அடியில் இருக்கும் பெரிய உருண்டைகளைச் சுரண்டிவிட்டுப் புதிது வைத்து ஒட்டுவது. விரிசல் இருப்பதோ அதற்கு மேலே, சிப்பின் உள்ளே இருக்கும் குமிழ்களில். கீழே புதிதாக ஒட்டினால் மேலே உடைந்தது எப்படிச் சேரும்? ரீபாலுக்காகக் காட்டும் சூட்டில் உள்ளே இருப்பது விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். 4,500ஐக் கொடுக்காதீங்க.

குளச்சல்_கேமர்:
வாத்தியார் சார், கடற்கரைக் கதை தனி. எங்க வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ரோடுதான். சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடு பச்சை பூத்துவிட்டது, ஸ்குரூ எல்லாம் துரு. மணவாளக்குறிச்சியில் இருக்கிற கூட்டாளி லேப்டாப்பைத் திறந்தால் ஸ்பீக்கர் காந்தத்தைச் சுற்றிக் கரிமணல் ஒட்டியிருக்கிறது 😀

ஆல்பம் அண்ணே, அவசரத்துக்கு ஒரு வழி. பவர் ஆப்ஷனில் பிராசசரின் உச்ச அளவை 99 சதவீதமாக்குங்க. வேகத்தைத் தானாகக் கூட்டும் டர்போ நின்றுவிடும். பிராசசருக்கும் கிராபிக்ஸுக்கும் சூட்டைக் கடத்த ஒரே ஹீட் பைப் என்றால் இரண்டின் சூடும் நன்றாகவே குறையும்.

மார்த்தாண்டம்_சாலிடர்:
நான் இதே வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாத்தியார் சொன்ன 2008 சிப்புகளைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. அதில் உள்குமிழில் பெரும்பங்கு ஈயம். உருகுவதற்கு 300 டிகிரிக்கு மேல் வேண்டும். போர்டில் இருக்கும் உருண்டை 217 டிகிரியிலேயே உருகிவிடும். ஆக ரீபால் செய்பவன் உள்ளே இருப்பதைத் தொடக்கூட இல்லை. அந்தக் காலத்து லேப்டாப்பை யாராவது தூக்கி வந்தால் இன்றைக்கும் நானே திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆனால் தக்கலைத் தம்பியுடையது ஆறு வருஷ லேப்டாப். பழைய கதையை அதன்மேல் ஒட்டக் கூடாது. இப்போது என் மேசைக்கு வருவதில் பலதில் சிப்புக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. பக்கத்தில் இருக்கும் மெமரி சிப்பில் ஒன்று போயிருக்கும். அல்லது கரன்ட் கொடுக்கும் மாஸ்ஃபெட் என்ற சின்னப் பாகம் ஷார்ட் ஆகியிருக்கும். பச்சை, ஊதாப் புள்ளி என்றதுமே என் சந்தேகம் மெமரி மேலேதான். அதையும் சோதிக்காமல் சொல்ல மாட்டேன்.

தம்பி, நீங்க செய்ய வேண்டியது இது. லேப்டாப்பை ஆன் செய்ததும் வரும் கம்பெனி லோகோவில் புள்ளி இருக்கிறதா? உங்க மாதிரி இரண்டு கிராபிக்ஸ் இருக்கும் லேப்டாப் பலவற்றில் திரையை ஓட்டுவது பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ்தான். லோகோவிலேயே கோளாறு தெரிந்தால் டிஸ்ப்ளே கேபிளையோ பேனலையோ பார்க்க வேண்டும். லோகோ சுத்தமாக இருந்து, சாஃப்ட்வேர் திறந்த பிறகே வந்தால் தனி கிராபிக்ஸ் பக்கம். டிவைஸ் மேனேஜரில் அந்தத் தனி கிராபிக்ஸை மட்டும் டிசேபிள் பண்ணிப் பாருங்க. உறைவது நின்றால் சந்தேகமே வேண்டாம்.

முட்டம்_வாத்தியார்:
சாலிடர் அண்ணாச்சி நேர்மையாகப் பேசுகிறார், மகிழ்ச்சி. அப்படியானால் எனக்கு ஒரே கேள்விதான். இத்தனை சோதனை இருக்கும்போது, அந்தக் கடைக்காரர் எதை வைத்து "சிப் கழன்றது" என்றார்? சூடு காட்டும் ஹாட் ஏர் கன் கையில் இருப்பவருக்கு எல்லாக் கோளாறும் ரீபாலாகத் தெரிகிறது. ஒரு மாசம் வாரன்டியிலேயே விஷயம் இருக்கிறது. சூடு காட்டிய சிப் ஒரு மாசம் ஓடிவிடும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு அப்புறம் "அது வேற கோளாறு" என்பார்.

மார்த்தாண்டம்_சாலிடர்:
எல்லாரையும் அப்படி அடிக்காதீங்க சார். ஒரு மாசம் ஓடினால் போதும் என்று தெரிந்தே கேட்டு வருகிறவர்களும் உண்டு. புராஜெக்ட் கொடுக்க வேண்டிய கல்லூரிப் பிள்ளைகள், ஸ்டோரேஜ் போர்டிலேயே ஒட்டியிருப்பதால் உள்ளே இருக்கும் போட்டோக்களை எடுக்க வழியில்லாதவர்கள். "இது நிற்காது, ஃபைலை எடுத்துக்கோ" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுச் சூடு காட்டினால் அதில் என்ன ஏமாற்று? சொல்லாமல் செய்தால்தான் தப்பு.

சிப்பை மாற்றுவதிலும் கள்ளத்தனம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். புதுசு என்று வருவதில் பழைய போர்டிலிருந்து பிடுங்கி, கழுவி, உருண்டை வைத்த சிப் உண்டு. மேலே அச்சடித்த எண்களில் நான்கு இலக்கத் தேதி இருக்கும், முதல் இரண்டு இலக்கம் வருஷத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் அந்த வருஷத்தின் எத்தனையாவது வாரம் என்பதையும் காட்டும். எண்ணே சுரண்டியிருந்தால் கையில் வாங்காதீங்க.

அப்புறம் நம்ம ஊர் ஈரப்பதம். இரண்டு மழையும் பெய்கிற ஜில்லா இது. கவர் பிரித்து வெளியே கிடந்த சிப்பின் உடம்புக்குள் ஈரம் ஏறியிருக்கும். அப்படியே சூடு காட்டினால் உள்ளே ஆவி கிளம்பி, எண்ணெயில் போட்ட பப்படம் மாதிரி குமிழ் விட்டு எழும்பிவிடும். அதனால் முதலில் 125 டிகிரியில் மணிக்கணக்கில் காய வைக்கணும். அதற்கு ஓவன் வைத்திருக்கிற கடையா என்று கேளுங்க. கேட்டதும் கடைக்காரர் முழித்தால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்க.

ஆரல்_காற்று:
இதெல்லாம் சரி அண்ணே, ஆனால் 94 டிகிரி ஏன் வந்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லையே. போன வருஷம்தானே சுத்தம் செய்தாராம்?

முட்டம்_வாத்தியார்:
எக்ஸ்போர்ட் ஓடும்போது ஒல்லியான கேமிங் லேப்டாப்பில் 80க்கு மேல் போவது புதுமை இல்லை. இரண்டு பெரிய சிப்பை ஒரு விரல் தடிமனில் அடைத்து, "மெல்லிசு, லேசு" என்று விற்கிறார்கள். பயன்படுத்துகிறவர் மேல் பழி போடுவதற்கு முன் அதை வடிவமைத்தவரிடம் கேட்க வேண்டும். பயலே, எதற்கும் தூசியா?

ஆரல்_காற்று:
சார், பத்து லேப்டாப்பில் ஒன்பது தூசிதான். நான் திறந்து பார்த்தவன் பேசுகிறேன்.

குளச்சல்_கேமர்:
இங்க இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்க, அதற்குள் ஆல்பம் அண்ணனின் மாப்பிள்ளை, பொண்ணுக்குக் குழந்தையே பிறந்துவிடும்.

தக்கலை_ஆல்பம்:
சோதித்துவிட்டேன். லோகோ சுத்தமாக இருக்கிறது. தனி கிராபிக்ஸை டிசேபிள் செய்ததும் புள்ளியும் இல்லை, உறைவதும் இல்லை. ஆல்பம் பக்கங்கள் வடிவமைக்க இதுவே போதும். வீடியோ எக்ஸ்போர்ட் மட்டும் ஆமை வேகம், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்க வேண்டியதுதான். சாலிடர் அண்ணாச்சி, நாளை மார்த்தாண்டம் வருகிறேன். கடை எங்கே என்று தனிச்செய்தியில் சொல்லுங்க.

மார்த்தாண்டம்_சாலிடர்:
அனுப்பிவிட்டேன். சார்ஜரையும் எடுத்து வாங்க. மேம்பாலத்துக்கு அடியில் வண்டி நிறுத்தப் பார்க்காதீங்க, இடம் கிடைக்காது.

தக்கலை_ஆல்பம்:
போய் வந்தேன். எதிர்பாராத விஷயம் ஒன்று வெளியே வந்தது.

பென்டிரைவில் போட்டு மெமரி சோதனை ஓட்டினார். பிழை எல்லாமே ஒரே மெமரி சிப்பில் மட்டும். மற்றதெல்லாம் சுத்தம், கிராபிக்ஸ் சிப்பும் நன்றாகவே இருக்கிறது. பிறகு ஹீட் சிங்க்கைப் புரட்டிக் காட்டினார். மெமரி சிப்புகளுக்கு மேல் ஒட்டும் தெர்மல் பேடில் சிப்பின் ஓரம் பதிந்து சதுரமாகத் தடம் இருக்க வேண்டுமாம். மூன்றில் தடம் இருந்தது. பிழை காட்டிய சிப்புக்கு நேரே இருந்த பேடு வழுவழுவென்று அப்படியே புதுசு! போன வருஷம் சுத்தம் செய்தவர் ஒரு மில்லிமீட்டர் பேடு வர வேண்டிய இடத்தில் அரை மில்லிமீட்டர் போட்டிருக்கிறார். ஹீட் சிங்க்கைத் தொடாமலே அந்தச் சிப் இத்தனை நாள் வெந்திருக்கிறது. மற்ற மூன்று சிப்புகளுக்கு மேல் இருந்தது பழைய கம்பெனிப் பேடாம், அதனால் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்.

ஆரல்_காற்று:
அப்போ தூசி எடுக்கப் போனவர்தான் சிப்பைக் கொன்றாரா? 🙄

முட்டம்_வாத்தியார்:
அதேதான். சும்மா இருந்திருந்தால் இன்னும் ஓடியிருக்கும். திறக்கிறவர்கள் பழைய பேடின் தடிமனை அளந்து வைத்துக்கொண்டு திறக்கணும். கடையில் கிடைத்ததை ஒட்டினால் இதுதான் கதி.

ஆரல்_காற்று:
சும்மா இருந்திருந்தால் பிராசசர் போயிருக்கும் சார். அவரே சூடு குறைந்தது என்று மேலே எழுதியிருக்கிறாரே. வேலையை அரைகுறையாகச் செய்தது தப்பு, திறந்தது தப்பில்லை.

மார்த்தாண்டம்_சாலிடர்:
ஆரல் தம்பி சொல்வது சரி. ஒரு விஷயம் கூடச் சொல்கிறேன், கிராபிக்ஸ் சூடு என்று சாஃப்ட்வேர் காட்டும் 94 பெரிய சிப்பினுடையது. பல லேப்டாப்பில் மெமரி சிப்பின் சூட்டை எந்த மானியும் காட்டாது. எண் நன்றாக இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருப்போம். மெமரி சிப் மாற்ற 3,200. பேடு, பேஸ்ட் சேர்த்துத்தான். வேலை இரண்டு நாள், மூன்று மாச வாரன்டி.

முட்டம்_வாத்தியார்:
காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே எக்ஸ்போர்ட் ஓட விடுங்க. நன்றாகச் சூடேறட்டும், அணைத்து முழுசாக ஆற விடுங்க, மறுபடி ஓட விடுங்க. சூடும் ஆறலும் தாண்டின பிறகுதான் நம்பணும். பக்கத்துச் சிப்புகளுக்குச் சூடு படாமல் மறைத்துத்தானே வைப்பீங்க அண்ணாச்சி?

மார்த்தாண்டம்_சாலிடர்:
சார், நான் போர்டு தொட ஆரம்பித்தபோது உங்க மாணவர்கள் பலர் பிறக்கவே இல்லை. மறைத்துத்தான் வைப்பேன். நீங்களும் கூட வாங்க, டீ என் கணக்கு.

முட்டம்_வாத்தியார்:
சனிக்கிழமை வருகிறேன். அந்த 125 டிகிரி ஓவனையும் பார்க்கணும்.