உதவி: 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ட்ரிகர் ரெண்டாம் கட்டத்தில நிக்குதில்லை (திருகோணமலை)

உப்புவெளிப் பெடியன்

வணக்கம் எல்லாருக்கும். வேற மாவட்டத்திலயிருந்து எங்கட கழகத்துக்குக் கைமாறி வந்த ஏர் ரைஃபிள் ஒண்டு இப்ப என்ர பொறுப்பில கிடக்கு. ஜெர்மன் செய்தது, காற்றுச் சிலிண்டர் வகை, 4.5 மில்லிமீட்டர். கைநூல் இல்லாமத்தான் வந்தது.

முதல் கட்டம் மென்மையா வருகுது. அதுக்குப் பிறகு விரல் போய்த் தட்டி நிக்கவேணும் அல்லோ, அது நிக்குதில்லை. அப்பிடியே வெடி போகுது. ஒருக்கா மெல்லிய தடுப்பு தெரியும், அடுத்த முறை அதுவும் இல்லை. ஒழுங்கா 9, 10 போடுற பிள்ளைக்கு இடைக்கிடை இடப்பக்கம் 7 விழுகுது. பிள்ளை தன்ர பிழை எண்டு நினைச்சுக் கலங்குது, அதுதான் எனக்குக் கவலை. ட்ரிகரைச் சுத்தி அஞ்சு சின்ன அலன் ஸ்க்ரூ தெரியுது. எதைத் தொடுறது, எதைத் தொடக்கூடாது?

இன்னொண்டு. தம்பலகாமத்தில பெரியப்பாவிட்ட பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் எடுத்த ரெட்டைக்குழல் துவக்கு இருக்குது. ட்ரிகர் சரியான இறுக்கம், “அதையும் கொஞ்சம் இலேசாக்கித் தாவன்” எண்டு கேட்கிறார். செய்யலாமோ?

ஓர்ஸ்ஹில் மாஸ்டர்

தம்பி, முதல் வேலை, அந்த ரைஃபிளைப் பிள்ளையளிட்டக் குடுக்கிறதை இண்டைக்கே நிப்பாட்டும். ஒருக்கா ஒரு மாதிரி, அடுத்த முறை வேற மாதிரி எண்டு நீர் எழுதினதுதான் எனக்குப் பயம். இலேசான ட்ரிகர் எண்டால் எப்பவும் ஒரேயளவு இலேசா இருக்கும். மாறி மாறி வருகுது எண்டால் உள்ளுக்க கொளுவி (ட்ரிகர் இழுக்கும் வரைக்கும் வெடியை விடாமப் பிடிச்சு வைக்கிற துண்டு) பிடிக்கிற விளிம்பு போதாமக் கிடக்கு.

பரிசோதிக்க வழி இருக்கு. ரவை போடாதையும். குழலுக்குள்ள ஒண்டும் இல்லை எண்டு கண்ணால பாரும், வாயை ரவை பிடிக்கிற பெட்டிப் பக்கம் திருப்பும். வெறும் ட்ரிகர் பழகிற நிலை, அதுதான் ட்ரை ஃபயர், உந்த ரைஃபிளில இருந்தால் அதில வைச்சுக் கொளுவும். விரலை வெளியால எடுத்துப்போட்டு, கட்டையின்ர பக்கத்தில உள்ளங்கையால நாலைஞ்சு தரம் தட்டும். கொளுவி தன்பாட்டில விடுபட்டு விழுந்தால் அது பாவிக்கிற நிலையில இல்லை. ஸ்பிரிங் பிஸ்டன் வகை ஏர் ரைஃபிளில இப்பிடி ரவை இல்லாம அடிக்கவே கூடாது, பிஸ்டன் போய் முன்சுவரில மோதிப் பழுதாகும். உம்மடது காற்றுச் சிலிண்டர் எண்டபடியாத்தான் சொல்லுறன்.

பிறகு ட்ரிகரை இழுக்கத் தேவைப்படுற எடையை அளவும். தராசு தேவையில்லை. சின்னத் தண்ணிப் போத்தலின்ர கழுத்தில நூல் கட்டி, சைக்கிள் கம்பியை வளைச்சு ஒரு கொக்கி செய்யும். ரைஃபிளை வாய் மேல பாக்க நிமிர்த்திப் பிடிச்சு, விரல் படுற அதே இடத்தில கொக்கியை மாட்டி, மருந்துக்கடைச் சிரிஞ்சால கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி விடும். ஒரு மில்லிலீட்டர் ஒரு கிராம். வெறும் போத்தலையும் கொக்கியையும் முதல் நகைக்கடைத் தராசில நிறுத்து வைச்சால் கணக்குச் சரி. ஒருதரம் அளந்து நம்பாதையும், திருப்பித் திருப்பி அளந்து எல்லாத்தையும் எழுதும்.

கிண்ணியா நானா

மாஸ்டர் சொன்னது சரி. ஸ்க்ரூ கதையை நான் சொல்றன் தம்பி, எனக்கு மெஷின் வேல.

இந்த வகை மேட்ச் ட்ரிகர்ல வழமையா இருக்கிறது முதல் கட்டத்துட தூரம், முதல் கட்டத்துட எடை, ரெண்டாம் கட்டத்துட எடை, கொளுவி எவ்வளவு பிடிக்கிற என்டது, அடிச்ச பிறகு ட்ரிகர் எங்க நிக்கிற என்டது. எந்த ஸ்க்ரூ எது என்டு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், திருப்புற திசையும் மாறும். அதால ஊகிச்சுத் திருப்ப வேணாம். மொடல் நம்பரைப் பாத்துக் கம்பெனிட பக்கத்துல கைநூலை எறக்கி எடுங்க. பழைய மொடலுக்கும் கிடைக்கும்.

கைநூல் வந்த பிறகும் அவசரம் வேணாம். ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலயும், பக்கத்து உலோகத்துலயும் சேத்து வெள்ளை பெயின்ட் பேனால ஒரு கோடு போடுங்க. ஒரு நேரத்துல ஒரு ஸ்க்ரூ, கால் சுத்து. அளந்து எழுதிட்டு அடுத்தது. ரெண்ட ஒண்டாத் திருப்பினா எது என்ன செஞ்சது என்டு யாருக்கும் தெரியாது. உங்கட கேஸ்ல முதல் பாக்க வேண்டியது முதல் கட்டத்துட தூரம். அது கூடிப்போனா ரெண்டாம் கட்டத்துக்கு இடமே மிஞ்சாது, விரல் அப்பிடியே தாண்டிப் போகும். அதைக் குறைச்சும் வரல்லயென்டா கொளுவி பிடிக்கிற ஸ்க்ரூவைக் கூடப் பிடிக்கிற பக்கமா மட்டும் திருப்புங்க. குறைக்கிற பக்கம் கை போகவே கூடாது. கூட்டியும் விழுதென்டா விளிம்பு தேஞ்சிட்டு. அரம் போட்டுத் தீட்டுறன் என்டு ஆரும் வந்தா குடுக்காதீங்க. மேல இருக்கிற கெட்டிப்படுத்தின தோல் மெல்லிசு, அது போனா புதுசு போடாம வழியில்ல.

நிலாவெளிக் காத்து

அண்ணா, இடப்பக்கம் 7 விழுகிறதுக்கு ட்ரிகர் மட்டும் காரணமா இருக்காது. அந்தப் பிள்ளை வலக்கைக்காரி எண்டால் விரல் எங்க படுகுது எண்டு பக்கத்தில நிண்டு பாருங்கோ. விரல் நுனி மட்டும் பட்டால் இழுக்கேக்க ட்ரிகர் இடப்பக்கம் தள்ளுப்படும். முதல் கணுவின்ர சதை நடுவில படவேணும், இழுவை நேர பின்னுக்கு வரவேணும். விரலின்ர அடிப்பக்கம் கட்டையில உரசவும் கூடாது. ட்ரிகர் தகடு தண்டவாளத்தில முன்பின் நகரும், அதைக் கை அளவுக்கு வையுங்கோ. கழக ரைஃபிளில எல்லாப் பிள்ளைக்கும் ஒரே இடத்தில விட்டால் சின்னக் கைக்காரர் நுனியாலதான் எட்டுவினம்.

அடிச்ச பிறகு நிக்கிற ஸ்க்ரூவும் முக்கியம். ரவை கிட்டத்தட்ட செக்கனுக்கு 170 மீட்டர் வேகத்திலதான் போகுது, குழலை விட்டு வெளிக்கிட முந்தியே விரல் குதிச்சால் வாயும் அசையும். 10 எண்ட புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். அதுக்காக ஒரேயடியா இறுக்கிப் போடாதையுங்கோ, கொளுவி விடுபட முந்தி ட்ரிகர் போய் முட்டினால் வெடியே போகாது.

எடை எவ்வளவு எண்டு எல்லாரும் கேக்கிறவை. சர்வதேச விதியில 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்குக் கீழ் வரம்பு இல்லை. ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம், 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிளுக்கு 1500 கிராம் எண்டு இருக்குது. வரம்பு இல்லை எண்டதால எங்கட ரேஞ்சிலயும் ஆளாளுக்கு ஆகக்குறைச்சலுக்குப் போட்டி போடீனம். எனக்கு அதில உடன்பாடில்லை. தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில நிண்டது இதே பிரிவிலதான். அந்த மட்டத்து ஆள் 100 கிராமிலயும் தன்ர விரலை உணருவா. பழகத் தொடங்கின பிள்ளைக்கு ரெண்டாம் கட்டம் தெளிவாத் தட்டுப்படவேணும், 150, 200 கிராம் இருந்தால் ஒரு குறையும் இல்லை.

உப்புவெளிப் பெடியன்

எல்லாருக்கும் பெரிய நன்றி. போத்தல் முறையில அளந்தன். ஒருக்கா 60 கிராமில விழுந்துது, பிறகு 110, பிறகு 75. உள்ளங்கையால தட்டத் தன்பாட்டிலயும் விழுந்துது. மாஸ்டர் சொன்னமாதிரி பூட்டி வைச்சிட்டன். கைநூலும் கிடைச்சிட்டுது. பெரியப்பாவின்ர கதைக்கு ஆரும் பதில் சொல்லேல்ல?

மூதூர் வயற்காரன்

அதுக்கு நான் சொல்லுறன் தம்பி. பெரியப்பாவுக்கு விளங்கப்படுத்துங்க, செய்யவேண்டாம்.

பரணில இரவு முழுக்க இருந்து, பனியில விரல் விறைச்சு, நித்திரைத் தூக்கத்தில பண்டி வந்த சத்தம் கேட்டு எழும்புற ஆளுக்கு இலேசான ட்ரிகர் யமன். கூட வந்தவன் வரம்பில எங்க நிக்கிறான் எண்டும் தெரியாது. ரெட்டைக்குழலில இன்னொரு ஆபத்தும் இருக்கு: கொளுவி தேஞ்சோ, தீட்டி இலேசாக்கியோ கிடந்தால் முதல் குழல் வெடிச்ச உதைப்பில ரெண்டாவதும் சேந்து விழும். வேட்டை ரைஃபிளுக்கே ஒண்டரை, ரெண்டு கிலோ இழுவைதான் வழமை. காட்டில, வயலில பாவிக்கிறதுக்கும் அட்டைக்கு அடிக்கிறதுக்கும் ஒரே கணக்குப் பாக்கக்கூடாது.

கம்பெனியே பொருத்தினதில பிழை வந்த கதையும் இருக்கு. 2014-ல ரெமிங்டன் தன்ர மொடல் 700, மொடல் செவன் ரைஃபிள்களைத் திருப்பிக் கேட்டது. எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர் பொருத்தேக்க ஒட்டுப்பசை கூடிப்போனதால தன்பாட்டில வெடிக்கலாம் எண்டு அவங்களே அறிவிச்சாங்கள். தொழிற்சாலைக்கே அப்பிடி எண்டால் வீட்டு விறாந்தையில இருந்து செய்யிற வேலையை யோசியுங்க.

இறுக்கம் முந்தி இல்லாம இப்ப வந்தது எண்டால் உள்ளுக்க துருவும் பழைய எண்ணெய்க் கசடும்தான். லைசென்ஸ் உள்ள துவக்குத் திருத்துறவரிட்டக் கழட்டித் துடைக்கக் குடுங்க. அனுமதி புதுப்பிக்கிற நேரத்தோட சேத்துச் செய்தால் பெரியப்பாவுக்கும் ஒரே அலைச்சல்.

உப்புவெளிப் பெடியன்

பெரியப்பா ஒத்துக்கொண்டார். துடைக்கக் குடுக்கப்போறார்.

ரைஃபிள் விஷயம்: நானா சொன்னமாதிரி கோடு போட்டுத் தொடங்கினன். முதல் கட்டத்தின்ர தூரத்தைக் கால் சுத்துக் குறைக்க ரெண்டாம் கட்டம் தெரியத் தொடங்கிச்சு, ஆனால் தட்டினால் இன்னும் விழுந்துது. கொளுவி ஸ்க்ரூவைக் கூடுதல் பிடிப்புப் பக்கம் அரைச் சுத்து குடுத்த பிறகு விழுகுதில்லை. இப்ப 160, 165, 160 எண்டு வருகுது. தகட்டையும் பின்னுக்கு எடுத்து விட்டன், பிள்ளைக்கு விரற்சதை நடுவில படுகுது. இடப்பக்கத்து 7 இன்னும் காணேல்ல. வேற ஏதும் கவனிக்கவேணுமோ? கழகம் கடலுக்குக் கிட்ட.

கிண்ணியா நானா

மாஷா அல்லாஹ், நல்ல வேல. கடல்காத்து என்டா ட்ரிகருக்குள்ள எண்ணெய் தெளிக்காதீங்க, உப்புத்தூளும் மண்ணும் அதுல ஒட்டிக் கசடாகும். வெளி உலோகத்த மட்டும் எண்ணெய்த் துணியால துடைங்க. மாரி மழ தொடங்கினா பெட்டிக்குள்ள ஸ்பொஞ்ச்ல பூட்டி வைக்க வேணாம், ஸ்பொஞ்ச் ஈரத்தப் பிடிச்சி வச்சிக்கும். பூட்டுற அலுமாரில நிமித்தி வச்சி, சிலிக்கா ஜெல் பை போட்டு மாத்தி மாத்திக் காய வைங்க. ஒவ்வொரு மாசமும் உள்ளங்கைத் தட்டும் போத்தலும் ஒருக்கா. அந்தக் கொப்பிய ரைஃபிளோடயே வச்சிருங்க, நாளைக்கு உங்கட இடத்துக்கு வாற ஆளுக்கும் வேணும்.