ஆவியாகும் துளியின் வெப்பநிலையைச் சாயமும் லேசரும் வைத்து அளக்கிறவர்கள், கண்டதைப் பகிருங்கள்

துளிமானி

ரோடமைன் பி என்ற ஒளிரும் சாயம் கலந்த நீர்த்துளியைப் பச்சை லேசரில் வைத்தால், காயக் காய அது பிரகாசமாகிக்கொண்டே வரும். இந்தச் சாயம் சூடேறினால் மங்கும், பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 2 சதவீதம். அதைப் பிடித்துக்கொண்டு "துளி குளிர்ந்துவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். அனேகமாக நடப்பது அதுவல்ல. நீர் போகிறது, சாயம் போவதில்லை. விட்டம் பாதியானால் கனவளவு எட்டில் ஒன்று, செறிவு எட்டு மடங்கு. ஒளி கடக்கும் தூரம் பாதியாவதைக் கழித்தாலும் துளியின் நடுவில் பிரகாசம் நாலு மடங்காகும்.

இதைக் கொழும்புக் காற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 30 பாகை, 80 சதவீத ஈரப்பதன் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது, ஏறத்தாழ 27. காற்றில் தொங்கும் துளிகூட அதற்குக் கீழே இறங்காது. கண்ணாடி வழுக்கியில் (ஸ்லைட்) இருக்கும் துளிக்குக் கண்ணாடியிலிருந்து வெப்பம் ஏறுவதால் இன்னும் குறைவாகத்தான் குளிரும். ஆக, குளிர்வால் வரும் மாற்றம் மிஞ்சினால் 6 சதவீதம், செறிவால் வருவது 300 சதவீதம். ஒற்றைச் சாயத்தின் பிரகாசத்தை வைத்து இங்கே வெப்பநிலை சொல்லவே ஏலாது.

மோலர்

அதனால்தான் விகிதம் எடுக்கிறது. ரோடமைன் பியோடு ரோடமைன் 110 சேர்த்து 488 நனோமீற்றர் நீல லேசரால் தூண்டுங்கள். 110 கிட்டத்தட்ட 520இல் ஒளிரும், வெப்பநிலை மாறினாலும் அவ்வளவாக அசையாது. பி ஒளிர்வது 580ஐ ஒட்டி. இரண்டும் ஒரே அளவில் செறிவதால் ஒன்றை மற்றதால் வகுத்தால் செறிவும் லேசர் ஏற்ற இறக்கமும் கழிந்துவிடும்.

ஆனால் கரைசல் ஐதாக இருக்கும் மட்டும்தான் இந்தக் கணக்கு. 110 வெளிவிடும் பச்சையை பி உறிஞ்சும். துளி சுருங்கச் சுருங்க அந்த உறிஞ்சல் கூடி, வெப்பநிலை மாறாமலே விகிதம் நகரும். எனவே அளவுதிருத்தத்தை ஒரே செறிவில் செய்து முடித்துவிடாதீர்கள். தொடக்கச் செறிவு, அதன் 2, 4, 8 மடங்கு என்று நாலு கரைசல். ஒவ்வொன்றையும் மெல்லிய கலத்தில் வைத்து, வெப்பவிணையால் (தேமோகப்பிள்) வெப்பநிலையைப் பார்த்தபடி 20இலிருந்து 32 பாகை வரை கொண்டுபோங்கள்.

ரோடமைன் பி மோல் ஒன்றுக்கு 479 கிராம். 4.8 மில்லிகிராமை 10 மில்லிலீற்றரில் கரைத்தால் 1 மில்லிமோலர். அதை நூறு மடங்கு ஐதாக்கினால் 10 மைக்ரோமோலர். அதுவே மேல் எல்லை, 2 அல்லது 3 போதும். கண்ணாடிப் போத்தலில் மட்டும் வையுங்கள். பிளாஸ்டிக் சுவர்களில் இந்தச் சாயம் ஒட்டிக்கொள்ளும், சிலிக்கோன் இறப்பர் என்றால் உறிஞ்சியே விடும். துணிச்சாயப் பக்கற்றை நம்பவேண்டாம். அதில் உப்பும் வேறு சாயங்களும் கலந்திருக்கும்.

இருட்டறை

110 கிடைக்காதவர்கள் புளோரசீன் போடுகிறார்கள். அது pH பார்த்து ஆடும், 6.4ஐ ஒட்டிய பகுதியில் மிக மோசமாக. காய்ச்சி வடித்த நீர் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை வாங்கி 5.6க்கு இறங்கிவிடும், அங்கே புளோரசீன் பாதிக்கு மேல் செத்த மாதிரி. தாங்கற் கரைசல் போட்டால் pH நிற்கும், ஆனால் கடைசியில் உப்புப் படிந்து ஆவியாதலையே மாற்றும். எனக்கு அது பிடிக்காத வழி.

மோலர்

@இருட்டறை துளியின் முதற்பாதியை மட்டும் பார்க்கிறவருக்கு ஐதான தாங்கற் கரைசல் பரவாயில்லை. வற்றும் கட்டம் வேண்டுமென்றால் நீங்கள் சொல்வதுதான் சரி.

கொட்டாஞ்சேனை லேசர்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் வாங்கும் மலிவான பச்சைப் பேனா லேசரை அப்படியே மேசையில் பூட்டாதீர்கள். 532 நனோமீற்றர் பச்சை உண்டாவது 808 செங்கீழ்க் கதிரால் தூண்டி வரும் 1064 செங்கீழ்க் கதிரிலிருந்து. உள்ளே செங்கீழ்க் கதிரை மறிக்கும் பில்டர் இல்லாவிட்டால் இரண்டும் வெளியே வரும். 532க்கு மட்டும் செய்த பாதுகாப்புக் கண்ணாடி அவற்றை நிறுத்தாது, அவை கண்ணுக்கும் தெரியாது. "5 மில்லிவாற்று" என்ற லேபலையும் நம்பாமல் அளந்து பாருங்கள். துளி வளைந்த கண்ணாடி மாதிரி எல்லாத் திசைக்கும் தெறிக்க வைக்கும், கற்றையின் உயரம் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு வரக்கூடாது.

வலுவும் ஆடும். அரை மணித்தியாலம் எரியவிட்டுத் தொடங்குங்கள். கற்றையின் குறுக்கே சாய்வாக ஒரு வழுக்கியை வைத்து, தெறிக்கும் சிறு பங்கை ஒளியிருவாயியால் (போட்டோடயோட்) பதிந்துகொண்டே இருங்கள். தொடர்ந்து அடித்தால் சாயம் வெளிறும், துளியும் சூடாகும். 10 வினாடிக்கு ஒருமுறை 0.1 வினாடி திறக்கும் மறைப்பு காணும்.

துடிப்பு லேசர்காரருக்கு இன்னொன்று. கோளத்துளியின் விளிம்பில் ஒளி சுற்றிச் சுற்றி ஓடி, துளியே லேசராக மாறிவிடும். துடிப்பின் சக்தியை இரட்டிக்கும்போது சமிக்ஞை இரட்டிப்பைத் தாண்டினால் அதுதான் காரணம், சக்தியைக் குறையுங்கள்.

இருட்டறை

ஈரப்பதன்தான் இங்கே எசமான். 2 மைக்ரோலீற்றர் அரைக்கோளத் துளி 30 பாகையில் 80 சதவீதத்தில் காய ஏறத்தாழ 50 நிமிடம், 40 சதவீதத்தில் 17 நிமிடம் என்று கணக்கு வரும். கதவு திறந்து மூடினாலே வரைபின் கோடு வளையும். மூடிய பெட்டிக்குள் நிரம்பிய உப்புக்கரைசல் வையுங்கள்: கறியுப்பு 75, பொற்றாசியம் காபனேற்று 43, மகனீசியம் குளோரைட்டு 33 சதவீதம். அடியில் கரையாத உப்புத் தெரியவேண்டும். வாங்கிய ஈரப்பதன்மானியைக் கறியுப்புக்கு மேலே ஓர் இரவு மூடிவைத்தால் அதன் பிழையும் தெரிந்துவிடும்.

ஏசி அறையிலிருந்து 24 பாகையில் வழுக்கியை வெளியே கொண்டுவந்தால் உடனே பனிக்கும். 30 பாகை, 80 சதவீதக் காற்றின் பனிபடுநிலை 26. அந்த ஈரத்தின்மேல் துளி வைத்தால் பரந்து போகும். ஏசியின் காற்று நேரே பெட்டியில் படவும் விடாதீர்கள்.

கமராவில் தானியங்கி ஒளிப்பதிவு நேரம், வெள்ளைச் சமநிலை இரண்டையும் பூட்டி, கமரா பதப்படுத்தாத ரோ (RAW) கோப்பாகவே எடுங்கள். ஜேபெக் எண்கள் ஒளிக்கு நேர்விகிதமல்ல, விகிதமெடுக்க உதவாது. 488 நீல லேசருக்கு 500 நனோமீற்றருக்கு மேல் மட்டும் விடும் குறுக்கீட்டு பில்டர் வேண்டும். நிற பிளாஸ்டிக் தாள் போதாது, லேசரின் கசிவே படத்தை நிரப்பிவிடும்.

துளிமானி

பக்கத்திலிருந்து படமெடுத்தால் துளியே வில்லையாகி உட்புறத்தைக் கோணலாகக் காட்டும். மூடித்துண்டின்மேல் (மெல்லிய கவர்ஸ்லிப் கண்ணாடி) துளியை வைத்துக் கீழிருந்து பாருங்கள், அந்தப் பிரச்சினை பெரிதும் குறையும். விளிம்பை மட்டும் கணக்கில் சேர்க்கவேண்டாம். கண்ணாடியைத் தொடும் துளியின் விளிம்பு நகராமல் பிடித்துக்கொண்டு நின்றால் உள்ளிருந்து நீர் வெளியே ஓடிச் சாயத்தைக் கரையில் குவிக்கும். 1997இல் நேச்சரில் டீகனும் கூட்டாளிகளும் விளக்கிய அதே கோப்பி வளையம். அங்கே சாயம் தன்னைத்தானே அணைத்து மங்கும், அதைச் சூடு என்று வாசித்துவிடுவீர்கள். ஆரையின் வெளிப்புற ஐந்திலொன்றை வெட்டிவிடுகிறது பாதுகாப்பு.

மோலர்

எதற்கும் முன்னால் சாயமில்லாத துளி ஒன்றை லேசரும் இல்லாமல் அதே பெட்டியில் காயவிட்டு நேரம் எடுங்கள். பிறகு சாயத்துளியை லேசர் இல்லாமல், அதன்பின் லேசரோடு. முதல் இரண்டும் பொருந்தாவிட்டால் சாயம் அதிகம், அல்லது போத்தல் கழுவிய சவர்க்காரம் மேற்பரப்பிழுவையைக் குறைத்திருக்கிறது. மூன்றாவது மட்டும் சீக்கிரம் காய்ந்தால் லேசர் சுடுகிறது.