மறுமொழி: முன் ரயர்த் தேய்வுக்கு 'அராவல்'

வணக்கம்.

முச்சில்லு மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போது முன் ரயர் பக்கவாட்டில் இழுபட்டுத் தேய்கிறதே, ஆங்கிலத்தில் 'ஸ்கிரப்' என்பது, அதற்கு நம் கலைச்சொல் தொகுப்பில் என்ன பெயர் போடலாம் என்ற கேள்விக்கு இதுவரை இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. ஒன்று உராய்வுத் தேய்வு, மற்றது தோள் தேய்வு. இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

உராய்வு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உராய்வு இல்லாவிட்டால் வண்டி நகராது, பிரேக்கும் பிடிக்காது. ரயரைக் காப்பாற்றுவதற்கும் தின்பதற்கும் ஒரே சொல் ஆகாது.

தோள் என்பது ரயரின் முகம் பக்கச் சுவரோடு சேரும் ஓரம். தோள் தேய்வு அழகான சொல்தான். ஆனால் இடம் பிழைக்கிறது. இரண்டு சில்லு மோட்டார் சைக்கிள் சாய்ந்து திரும்புகிறது. கூம்பாகச் சுற்றிய கச்சான் (நிலக்கடலை) சுருளை மேசையில் உருட்டிப் பாருங்கள், நேரே போகாமல் வட்டம் போடும். சாய்ந்த ரயரும் அப்படித்தான் உருண்டு திரும்புகிறது. அதற்காகத்தான் அதன் முகத்தை, அதாவது தெருவில் படும் பக்கத்தை, வளைவாகச் செய்கிறார்கள். முச்சில்லு சாயாது. காண்டிலை (கைப்பிடியை) திருப்பினால் ரயர் ஒரு பக்கம் பார்க்க, வண்டியின் பாரம் நேரே தள்ள, இடையில் அகப்பட்ட றப்பர்தான் தெருவில் இழுபடுகிறது. வளைந்த முகமுள்ள ரயர் என்றால் நடுப்பட்டையும் அதன் இரு கரையும் போகும். தோளில் புது ரயரில் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும் றப்பர் முள் அப்படியே நிற்கும். சிலர் முன்னுக்கும் கார் ரயர் போடுகிறார்கள். அதன் முகம் தட்டை, அங்கே தோள்தான் முதலில் போகும். ரயரின் முகத்தைப் பொறுத்துத் தேயும் இடம் மாறுகிறது, காரணம் மாறவில்லை. பெயரைக் காரணத்துக்கு வைப்போம்.

இதை நான் படித்த இடம் எங்கள் வீட்டு முற்றம். என் மச்சானுக்குப் போரில் ஒரு கால் போய்விட்டது. மூன்று சில்லாக மாற்றிய ஸ்கூட்டர்தான் அவருக்கு எல்லாம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை மதிலோடு ஒட்டி இரண்டு இடத்தில் செங்குத்தாக முறிகிறது. அந்த முடக்கில் காண்டிலை முழுக்க ஒடித்து மெதுவாக எடுக்கும்போது சீமெந்தில் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். ரயர் சீக்கிரம் போகிறது என்று ஒரு கராஜில் காட்டினோம். 'தேயுது' என்றோம், அதற்கு மேல் சொல்ல எங்களிடம் சொல் இல்லை. முன் ஷொக் அப்சோர்பர் இரண்டையும் மாற்றிவிட்டார்கள். காசு போனது, தேய்வு நிற்கவில்லை.

பிறகு ஒருநாள் மச்சான் கதிரையில் இருந்தபடியே ரயரைக் குறுக்கே தடவிப் பார்த்தார். ரயர் முகத்தில் உள்ள ஒவ்வொரு றப்பர் கட்டையின் விளிம்பும் விரலில் பிடித்தது. "அரத்தால அராவினது மாதிரி இருக்குதடா" என்றார். நான் கொண்டுவரும் சொல் அதுதான்: அராவல்.

தச்சர் வாளுக்குப் பல் அராவுவார், கமக்காரர் மண்வெட்டியின் வாயை அராவுவார். அழுத்தி, ஒரு பக்கமாக இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னுவது அராவுதல். இங்கே தெருதான் அரம். வினையடியாக இருப்பதால் ரயர் அராவுப்படுகிறது, அராவிய பட்டை, குறைந்த அராவல் என்று எப்படியும் வளைக்கலாம். 'தோள் தேய்வை' அப்படி வளைக்க முடியாது. அராவல் என்றால் அரவு என்ற பாம்போடு குழம்பும் என்று இந்தத் தலைப்பில் ஒரு அண்ணா எழுதியிருந்தார். கராஜில் யாரும் ரயருக்குள் பாம்பைத் தேட மாட்டார்கள் அண்ணா.

ஷொக் அப்சோர்பர் சோர்ந்தாலோ சில்லின் பலன்ஸ் பிழைத்தாலோ ரயரில் விட்டுவிட்டுப் பள்ளம் விழும். அது வேறு நோய், அதற்கு வேறு பெயர் வேண்டும். பள்ளத்தை நாங்கள் கிடங்கு என்போம், ஆகவே எங்கள் வாயில் அது கிடங்குத் தேய்வு. ஆனால் தமிழ்நாட்டில் கிடங்கு என்றால் பண்டசாலை என்பதால் 'குழித்தேய்வு' என்பதை மனமுவந்து ஏற்கிறேன். இரண்டு பெயரும் அன்றைக்கு எங்களிடம் இருந்திருந்தால் அந்த ஷொக் அப்சோர்பர்கள் தப்பியிருக்கும்.

அராவலுக்கு மருந்து காத்திலும் ஓட்டத்திலும் இருக்கிறது. காத்துக் குறைந்தால் ரயர் பக்கவாட்டில் நெளியும், நெளிந்தால் இன்னும் அராவும். ஓடிச் சூடாகும் முன், காலையில் காத்தை அளக்க வேண்டும். நின்ற இடத்தில் காண்டிலை ஒடிக்காமல், சில்லு கொஞ்சம் உருளத் தொடங்கியதும் திருப்ப வேண்டும். ஆட்டோக்காரர் மூன்று சில்லும் ஒரே அளவு, 4.00-8, என்பதால் முன்னதைப் பின்னுக்கு மாற்றித் தேய்வைப் பகிர்ந்துகொள்வார்கள். பெரிய முச்சில்லு மோட்டார் சைக்கிள்களில் முன்னும் பின்னும் வேறு அளவு என்பதால் அந்த வழி இல்லை. புது ரயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. எங்கள் வெயிலில் பழைய றப்பரில் வெடிப்பு விழும்.

தொகுப்பில் இப்படிப் போடலாமா?

அராவல்: சாயாத வண்டியின் சில்லு திரும்பும்போது, ரயர் உருளும் திசைக்குக் குறுக்காக இழுபட்டுத் தேய்தல்.

'குறுக்காக' போதுமா, 'பக்கவாட்டில்' வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கொக்குவிலிலிருந்து