வாசிகசாலையில் இணையம் இல்லாமல் விக்கிப்பீடியா வாசிக்க வழி என்ன?

வெருகல்_வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில வெருகல் பக்கம் ஒரு கிராமத்து வாசிகசாலையை நான்தான் பாத்துக்கொள்ளுறன். வெளிநாட்டில இருக்கிற எங்கட ஊர்ப் பிள்ளையள் பழைய லெப்டொப் மூண்டு அனுப்பியிருக்கினம். ரெண்டில விண்டோஸ் 10, ஒண்டில விண்டோஸ் 7. கரண்ட் இருக்கு, இணையம்தான் இல்லை. சிக்னல் பிடிக்க ஆத்துப் பக்கம் நடக்கவேணும். பிடிச்சாலும் ரீலோட் போடப் பிள்ளையளிட்டக் காசு ஏது?

போன கிழமை தரம் 8 படிக்கிற பிள்ளை ஒண்டு, "மிஸ், கன்னியா வெந்நீர்க் கிணத்துத் தண்ணி ஏன் சுடுது? கீழ எரிமலை கிடக்கோ?" எண்டு கேட்டாள். எங்களிட்ட இருக்கிற கலைக்களஞ்சியம் அட்டை கழண்ட பழசு, அதிலும் 'க' வரிசைத் தொகுதியே இல்லை. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னன். ஆனா நான் சொல்லிக் கேக்கிறது வேற, அவளே தேடி வாசிச்சு, அதில இருந்து இன்னொண்டுக்குப் போறது வேற. அந்த ருசியை இந்தப் பிள்ளையளுக்குக் காட்டவேணும் எண்டதுதான் என்ர ஆசை.

கிவிக்ஸ் எண்டு ஒரு மென்பொருள் இருக்காம். அது உண்மையா இலவசமா? தமிழ் விக்கிப்பீடியா முழுசும் கிடைக்குமா? எங்கட பழைய மெசினில ஓடுமா? பாவிச்சவை சொல்லுங்கோ.

உவர்மலை_தம்பி:

அக்கா, முழுக்க இலவசம். கட்டற்ற மென்பொருள், ஆரும் பாவிக்கலாம், பகிரலாம் எண்ட ஜிபிஎல் உரிமம். 2007இல எமானுவேல் எங்கெல்ஹார்ட், ரெனோ கோதென் எண்ட ரெண்டு பேர் தொடங்கினது. கணக்குத் திறக்கத் தேவையில்லை, விளம்பரமும் வராது.

ரெண்டு சாமான் வேணும். ஒண்டு கிவிக்ஸ் செயலி, மற்றது 'சிம்' கோப்பு. போன் சிம் இல்லை, கோப்பு வகையின்ர பெயரே அதுதான். முழு விக்கிப்பீடியாவும் சுருக்கி ஒரே கோப்பா இருக்கும், தேடுறதுக்கான அட்டவணையும் அதுக்குள்ளயே கிடக்கும். கோப்புப் பெயரில 'மேக்சி' எண்டு இருந்தால் படங்களோட முழுசு. 'நோபிக்' எண்டால் எழுத்து முழுசும் இருக்கும், படம் இருக்காது. 'மினி' எண்டால் ஒவ்வொரு கட்டுரையின்ரயும் முன்னுரை மட்டும். தமிழுக்கு மேக்சியையே எடுங்கோ. ஆங்கிலம் மேக்சி 100 ஜிபிக்கு மேல, அதைத் தொடாதேங்கோ.

கவனிக்கவேண்டியது பென் டிரைவ். அனேகமான பென் டிரைவ் ஃபேட்32 முறையில வரும், அதில 4 ஜிபிக்கு மேல உள்ள ஒரு கோப்பு ஏறாது. இடம் மிச்சம் இருந்தும் ஏறுதில்லை எண்டு சனம் தலையைப் பிச்சுக்கொள்ளும். பென் டிரைவை எக்ஸ்ஃபேட் எண்ட முறைக்கு மாத்திப்போட்டு ஏத்தினால் சரி. மாத்தேக்க உள்ள இருக்கிறது எல்லாம் அழியும், முதலில எடுத்து வையுங்கோ.

விண்டோஸ் 10க்கு வழமையான கிவிக்ஸ் போதும். செயலி வாற 'சிப்' எண்ட சுருக்கின கோப்பை விரிச்சால் அப்பிடியே ஓடும், இன்ஸ்டோல் பண்ணவும் தேவையில்லை. விண்டோஸ் 7க்கு 'கிவிக்ஸ் ஜேஎஸ்' எண்ட பதிப்பைத் தேடுங்கோ.

மூதூர்_ஆசிரியர்:

வணக்கம் மிஸ். நானும் பாடசாலையில் இதைத்தான் செய்து வைத்திருக்கிறேன். ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லெப்டொப் முன்னால் பிள்ளைகளை இருத்தினால் தமிழில் டைப் பண்ணத் தெரியாமல் திணறுவார்கள். 'கன்னியா' என்று அடிக்கவே நேரம் போய்விடும். ஆனால் அதே பிள்ளை போனில் கண்ணை மூடிக்கொண்டு தமிழ் அடிக்கும்.

ஆகவே ஒரு லெப்டொப்பில் கிவிக்ஸைத் திறந்து, மெனுவில் உள்ள உள்ளகச் சேவையகத்தை, அதாவது லெப்டொப்பில் இருப்பதைப் பக்கத்துப் போன்களுக்குக் கொடுக்கும் வசதியை, ஓடவிடுங்கள். லெப்டொப்பையும் போன்களையும் இணைக்க ஒரு பழைய வைஃபை ரவுட்டர் போதும், அதற்கு இணைய இணைப்பு வேண்டாம். திரையில் ஒரு முகவரி காட்டும். கடைசியில் 8080 என்று வரும். அதைப் போன் பிரவுசரில் அடித்தால் விக்கிப்பீடியா திறக்கும். விண்டோஸ் ஃபயர்வோல் அனுமதி கேட்டால் கொடுங்கள். போன்களில் மொபைல் டேட்டாவை நிற்பாட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று போன் தானே டேட்டாவுக்குத் தாவிவிடும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, இப்போது ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கட்டுரைகள் உண்டு. ஆனால் எல்லாம் ஒரே தரமில்லை. இலக்கியம், ஊர், கோயில் என்று தேடினால் மனம் நிறையும். சில அறிவியல் தலைப்புகள் நாலு வரியோடு நின்றுவிடும். அதனால் எளிய ஆங்கில விக்கிப்பீடியாவையும் தமிழ் விக்சனரியையும் பக்கத்தில் போட்டு வையுங்கள். சொல் விளங்காவிட்டால் பிள்ளை அங்கேயே பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள், கன்னியாவில் எரிமலை இல்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் சூடேறி மேலே வருகிறது. நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள்.

வெருகல்_வாசகி:

சேர், தம்பி, ரெண்டு பேருக்கும் நன்றி. போனில தமிழ் அடிக்கிற விசயம் எனக்கு ஓடவே இல்லை, ரவுட்டர் ஒண்டு தேடிப் பிடிக்கிறன். இன்னும் ரெண்டு சந்தேகம். பெத்தார் தங்கட போனுக்கும் கொப்பி பண்ணித் தாங்கோ எண்டு கேட்டால் குடுக்கலாமோ? புதுக் கட்டுரையள் வந்தால் என்ன செய்யிறது?

ஒரு யோசனையும் இருக்கு. எங்கட ஊரைப் பற்றி, வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலைப் பற்றி, ஆத்தைப் பற்றி விக்கிப்பீடியாவில விடுபட்டதைப் பிள்ளையள் வீட்டுப் பெரியாக்களிட்டக் கேட்டு ஒரு கொப்பியில எழுதட்டும். ஆதாரம் இருக்கிறதை நான் டவுனுக்கு வரேக்க சேர்த்துவிடுவன். வாசிக்கிறவையாவே மட்டும் எங்கட பிள்ளையள் இருந்திடக் கூடாது.

உவர்மலை_தம்பி:

தாராளமாக் குடுங்கோ அக்கா. விக்கிப்பீடியாவின்ர உரிமமே பகிரச் சொல்லுது, கிவிக்ஸும் அப்பிடித்தான். போனில கிவிக்ஸ் செயலியைப் போட்டால் ரவுட்டரும் தேவையில்லை. புதுசுக்கு, புதுக் கோப்பை முழுசா இறக்கவேணும், மாறினதை மட்டும் எடுக்க ஏலாது. கோப்புப் பெயரின்ர கடைசியில ஆண்டும் மாசமும் இருக்கும், அதைப் பாத்தால் எவ்வளவு பழசு எண்டு விளங்கும்.

இறக்கிறதை என்னிட்ட விடுங்கோ. நைட் டேட்டாவில டொரண்ட் போட்டு விடியக்குள்ள எடுத்துவைக்கிறன். கச்சேரி அலுவலா டவுனுக்கு வரேக்க ஹார்ட் டிஸ்கோட அந்த விண்டோஸ் 7 லெப்டொப்பையும் கொண்டுவாங்கோ. 32 பிட்டா 64 பிட்டா எண்டு பாத்துத்தான் சரியான பதிப்பைப் போடவேணும். சார்ஜரையும் மறக்காதேங்கோ.